கொடையும் கடனும்: ஊர்க்குளம் தூர்வாரல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

அறஞ்செய்தல் என்னும் தொடரை நாம் இரு வேறு பொருள்பட வழங்கி வருகின்றோம். தன்னிடம் உள்ளதைப் பிறர்க்கு ஈதல் ஒன்று. தான் செய்ய வேண்டியிருப்பதைச் செய்தல் மற்றொன்று. முன்னதைச் செய்தாற் புகழ் உண்டு, செய்யாவிடிற் பழியில்லை. பின்னதைச் செய்யாவிடிற் பழி உண்டு, செய்தாற் புகழில்லை. வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு எவரும் பொன்னாடை போர்த்துவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களிலே சனசமூக நிலையங்களும் விளையாட்டுக் கழகங்களும் முன்னின்று செய்துவரும் குளந் தூர்வாரல், வெள்ளவாய்க்கால் துப்புரவு, மரநடுகை முதலிய பணிகள் இவ்விரண்டில் எவ்வகையைச் சாரும் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. வினா அற்பமானதாகத் தோன்றலாம். சென்ற ஆண்டு ஆவணி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று வரை எனக்கும் அவ்வாறே தோன்றியது.

எங்கள் ஊர் வலிகாமத்தில் உள்ளது. ஊரின் சனசமூக நிலையத்தை அறியாதார்க்கு ஒரு சொல்: பத்திரிகைகள் விரித்த நீள்மேசை ஒன்று, பின்னறையில் முன்பள்ளி, ஆண்டுதோறும் தெரிவாகும் நிருவாக சபை, எப்போதும் ஒரு கால் ஆடும் வாங்கு, இவ்வளவே அதன் சொத்து. மாவட்டத்தின் பெரும்பாலான ஊர்களில் இத்தகைய நிலையம் ஒன்றேனும் உண்டு. அரசாங்கம் வராத இடத்திற்கு முதலிற் செல்வதும், வந்த இடத்தில் அதனோடு சச்சரவிடுவதும் அதன் தொழில். அந்நிலையத்தார் ஊர்க்குளத்தைத் தூர்வாரத் தீர்மானித்தனர். கனடாவில் வாழும் ஊரவர் சிலர் பணம் அனுப்பினர். பெக்கோ இயந்திரம் ஒன்று வாடகைக்கு வந்தது. இயந்திரம் இறங்குமுன் பொலித்தீன் பைகளையும் போத்தல்களையும் பொறுக்கி அகற்றுவது எங்கள் வேலை. ஏறத்தாழ நாற்பது பேர் கூடினோம். குளத்து மண்ணை உழவு இயந்திரப் பெட்டிகள் தோட்டங்களுக்கு ஏற்றிச் சென்றன. பத்து மணிக்குத் தேநீரும் வடையும் வந்தன. உள்ளபடி கூறின், அன்று காலை நான் மிகவும் நல்லவளாக என்னை உணர்ந்தேன்.

கலைப்பீடத்திலே தமிழ் படிப்பவள் என்பதனால், கரையில் நாட்டவிருந்த பெயர்ப்பலகைக்கு வாசகம் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தனர். அன்பளிப்பாளர் பெயர், நிலையத்தின் பெயர், ஆண்டு ஆகியவற்றை இட்டு நான் எழுதிக் கொண்டிருக்கையில், குளத்தின் மறுகரையில் வாழும் முதியவர் ஒருவர் மண்வெட்டியை ஊன்றியபடி அருகில் நின்று கேட்டார். எங்கள் தோட்டத்தில் நெடுங்காலம் கூலி வேலை செய்தவர் அவர். என் பாட்டன் வயதினராயினும் என்னோடு பன்மையிலேயே பேசுவார். அதுவும் எங்கள் ஊரின் பழைய கணக்குகளில் ஒன்று. “உங்கட வீட்டு மிசின் எத்தினை வருசமா இறைக்குது, பிள்ளை? எடுத்ததைத் தானே இப்ப திருப்பிக் குடுக்கிறியள். அதுக்கேன் பலகை?” கோபத்தோடு கேட்கவில்லை. கேட்டுவிட்டு மண்ணள்ளப் போய்விட்டார்.

அவர் கூற்று எவ்வளவு சரியானது என்பதை உணர எமது காலடியில் இருப்பதைச் சற்று நோக்குதல் வேண்டும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடி அடங்குவது. ஆண்டொன்றிற்கு 1,250 மில்லிமீற்றர் அளவிற் பெய்யும் மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி முதல் மார்கழி வரையிலான காலத்தில் வந்து போய்விடுகின்றது. அம்மழையை ஏந்திக் கொள்வது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். கடல்நீரிலும் பாரங் குறைந்த மழைநீர், பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் நிரம்பியுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லையின் வடிவில் மிதக்கின்றது. நிலாவரைக் கிணற்றின் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதன் காரணம் இதுவே; இராமபிரானின் அம்பு பற்றிய கதை அக்கிணற்றின் பெருமைக்குப் போதுமாயினும் அதன் உவர்ப்பை விளக்காது.

இவ்வில்லைக்கு ஒரு கணக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவையொட்டி ஒல்லாந்தரான கைபெனும் செருமானியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட விதி அது. கடல்மட்டத்திற்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நன்னீர் தாங்கப்பட்டிருக்கும். மேலே ஓரடி குறையின் கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி மேலெழ இடமுண்டு. விதி இலட்சிய நிலைக்குரியது. வெடிப்பும் குகையும் நிறைந்த எங்கள் பாறையில் அது அச்சொட்டாகப் பொருந்தாது. ஆயினும் அதன் அறப்பொருள் தெளிவானது. நான் என் கிணற்றில் எடுப்பது என் கிணற்றோடு முடிவதில்லை. வேலிக்கு அப்பால் என் அயலவன் கிணறு உவர்க்கும்போது, அதற்கு நான் அவன் வளவிற் காலடி வைத்திருக்க வேண்டியதில்லை. குடாநாட்டில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட கிணறுகள் உண்டென்பர். உறுதியின்படி அவை இலட்சம் கிணறுகள். நீரின்படி நோக்கின், ஒரு பகுதியிலுள்ள கிணறுகள் யாவும் ஒரே பாத்திரத்தில் இட்ட பல குவளைகளே.

துலாவினாலும் சூத்திரத்தினாலும் இறைத்த காலத்தில் மனிதனின் தோளும் மாட்டின் கழுத்தும் எல்லை விதித்தன. மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கியது. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் உருளைக்கிழங்கும் பெருகின. அவற்றாற் பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. என் கல்விக்கு வந்த பணத்தில் வெங்காயத்தின் மணம் உண்டு என்பதை மறைத்து இவ்விடயத்தை எழுத முடியாது. அதே தோட்டத்திற்கு இட்ட யூரியாவின் ஒரு பகுதி பயிருக்குச் சேராமல் நைத்திரேற்றாக நிலத்தடி நீரிற் கலக்கின்றது. மலசலகூடக் குழிகளும் தம் பங்கைச் சேர்க்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டிருப்பதைப் பல பதிற்றாண்டுகளாக ஆய்வுகள் சொல்லி வருகின்றன. பாற்பருவக் குழந்தையின் குருதியில் ஒட்சிசன் குன்றி உடல் நீலம் பாரிக்கச் செய்யவல்ல பொருள் அது. அந்நீரை எடுத்துக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்றுக் குறையாது. நீர் வற்றுவதனால் அதன் செறிவு கூடவே செய்யும்.

எடுப்பது இவ்வாறு பெருக, திரும்பச் செல்லும் வழிகளோ அடைபட்டன. ஆயிரத்திற்கும் மேற்பட்ட சிறு குளங்கள் இந்நிலத்தில் வெட்டப்பட்டமை மழைநீரை மண்ணுக்குள் இறங்கவிடும் ஏற்பாடாகவும் அமைந்தது. அவற்றுட் பல தூர்ந்தன, சில குப்பைமேடாயின, சில மீது கட்டடம் எழுந்தது. முன்னர் வளவுகளுக்குக் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் இருந்தன. வெள்ளம் அவற்றினூடே ஊர்ந்து தாழ்நிலத்தை அடையும். இன்று ஆளுயர மதில்கள். முற்றத்திற்குச் சீமெந்து, ஒழுங்கைக்குக் கொங்கிறீற்று. 2008 நவம்பரில் நிஷாப் புயலின் மழை வந்தபோது, வீதியை வெட்டியாவது வெள்ளத்தைக் கடலுக்கு அனுப்பத் துடித்தோம் என்று பெற்றோர் கூறுவர். கார்த்திகையிற் பகைவனாக விரட்டிய அதே நீரை ஆவணியிலே தேடி அலைவது எங்கள் வழக்கமாயிற்று.

எனவே முதியவரின் கேள்விக்கு விடை வெளிப்படை. ஓர் ஊர் தன் குளத்தைத் தூர்வாரும்போது அது எவருக்கும் எதையும் ஈயவில்லை. எடுத்ததன் ஒரு சிறு பகுதியை, எடுத்த இடத்தில், பிந்தி வைக்கின்றது. திருக்குறளில் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமும் அதனை அடுத்து ஈகை என வேறோர் அதிகாரமும் இருப்பதன் நுட்பம் இங்கு நினைக்கத்தக்கது. இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவே எனின், இரண்டு அதிகாரங்கள் எதற்கு? ஒப்புரவின் முதற்குறளிலேயே கடப்பாடு என்னும் சொல் வருகின்றது, மழையும் வருகின்றது. ஊரார் உண்ணும் நீர்நிலை உவமையாவதும் அவ்வதிகாரத்திலேயே. வறியவர்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. ஊரோடு வாழ்வதனாலேயே ஒருவன் மேல் ஏறும் பொறுப்பு ஒப்புரவு. குளத்து வேலையை நாம் ஈகையின் மொழியிற் பேசுகின்றோம். அது ஒப்புரவின் பாற்பட்டது.

மொழி மாறினால் என்ன கெட்டுவிடும் என்று ஒருவர் கேட்கலாம். கெடுவது இது: கொடையாளன் தன் கொடைக்குப் பெறுவோரைத் தெரிந்தெடுக்கலாம், கடனாளிக்கு அவ்வுரிமை இல்லை. குடாநாட்டின் வரலாற்றில் இது ஏட்டுப் பேச்சன்று. தோட்டக் கிணறுகளைப் பங்குக் கிணறுகளாக ஆளும் நல்ல வழக்கம் எங்களிடம் நெடுங்காலம் உண்டு. யாருக்கு எத்தனை பங்கு, யார் முறை எந்நாள், வழி வாய்க்கால் உரிமை எவர்க்கு என்பன உறுதியிலேயே எழுதப்பட்டன. முறை தவறி இறைத்தவன் ஊரிலே தலைகாட்ட இயலாது. ஆயினும் அந்நீதி உறுதியில் பெயர் உள்ளாரோடு நின்றுவிட்டது. உறுதியிற் பெயரில்லாதோர் கிணற்றடிக்கு அப்பால் குடத்தோடு நின்று, யாரேனும் வந்து அள்ளி ஊற்றுவார்களா என்று காத்திருந்தனர். அவ்வாறு ஊற்றியவர்கள் அதனைத் தருமம் என்றே கருதினர். நான் குறிப்பிட்ட முதியவர் சிறுவனாகத் தன் தாயோடு அப்படிக் காத்து நின்றவர். பின்னொரு நாள் அவரே இதனைச் சொன்னார். கீழே வில்லை ஒன்றாக இருக்க, மேலே நின்று சிலர் சிலருக்கு நீர் ‘கொடுத்தனர்’. அக்கொடைக்கு இருந்த ஒரே அடிப்படை கட்டு வைத்த கிணற்றின் விளிம்பு.

1957 இற் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டிலிருந்து நிலத்திற்கு இறங்க, 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்தில் தொடங்கி யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும் அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடை, ஆலய நுழைவுப் போராட்டங்களும் வேண்டியிருந்தன. இன்று எங்கள் குளத்தில் இரு கரையினரும் ஒருங்கே இறங்குகின்றனர். மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ‘ஊர் செய்தது’ என்று பலகையில் எழுதும்போது அவ்வூரின் நிருவாக சபையில் மறுகரையினர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவர்.

இனி, மறுதலையை எடுத்துக் கொள்வோம். எல்லாம் கடனே என்றால் எவர் கடன் எவ்வளவு? ‘நாம் அனைவரும் இயற்கைக்குக் கடன்பட்டவர்கள்’ என்று மேடையிற் கூறுவது எளிது. அனைவரும் சமமாகக் கடன்பட்டோர் எனின் பெருங்கடனாளி நிம்மதியாக உறங்கலாம். இதற்கும் சுன்னாகமே சான்று. அங்குள்ள மின்நிலைய வளாகத்தை அண்டிய பகுதிகளிற் கிணற்று நீரிலே எண்ணெய்க் கழிவு கலந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளிற் பெருங் கொந்தளிப்பை ஏற்படுத்தியது. சொந்தக் கிணறு முற்றத்தில் இருக்க, பவுசர் நீருக்காக மக்கள் வீதியோரத்துத் தாங்கிகளின் முன்னே நின்றனர். 2015 இல் இரவீந்திர காரியவசம் என்னும் சூழலியலாளர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். 2019 ஏப்பிரலில் வெளிவந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை ஏற்று, நோர்தேண் பவர் கம்பனி இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் எனப் பணித்தது.

இவ்வழக்கில் இரண்டு செய்திகள் என் சிந்தனையைத் தடுத்து நிறுத்துகின்றன. எண்ணெய் கலந்த கிணற்றை எந்தச் சிரமதானமும் துப்புரவாக்காது. அங்கே தொண்டர்கள் வாளியோடு சென்று நின்றிருப்பின், அவர்களின் நற்குணமே குற்றவாளிக்கு மறைவாகியிருக்கும். தொண்டு செய்யத் தகாத இடமும் உண்டு; அவ்விடத்தில் வழக்காடுதலே தொண்டு. மற்றையது, மனுதாரரின் பெயர். வலிகாமத்து நீருக்காக வழக்காடியவர் வலிகாமத்து உறுதி எதிலும் பங்குள்ளவர் அல்லர். ‘எங்கள் நீர்’ என்று நாம் சொல்லும்போது அந்த ‘எங்கள்’ எவ்வளவு நீளும் என்பதை அவர் எங்களிலும் நன்றாக அறிந்திருந்தார் போலும்.

எனினும் சுன்னாகத்தைச் சுட்டிவிட்டு எங்கள் வெங்காயத் தோட்டத்தை மறப்பது சுலபமான தப்பித்தல். கம்பனிக்கு நீதிமன்றம் உண்டு. என் தந்தையாரின் யூரியாவிற்கு எந்த நீதிமன்றம்? ஒவ்வொருவரும் இடுவது சிறிது. அச்சிறிதாற் கெடுவது இன்னாருடைய கிணறு எனக் காட்டவும் இயலாது. அமெரிக்க உயிரியலாளர் கரற் ஹாடின் 1968 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதே சிக்கலைப் பொது மேய்ச்சல் நிலத்தை வைத்து விளக்கினார். ஒவ்வோர் இடையனும் தன் இலாபத்திற்காக மேலும் ஒரு மாட்டைச் சேர்க்க, நிலம் எல்லோர்க்கும் பாழாகும். தனியுடைமை அல்லது மேலிருந்து வரும் வற்புறுத்தல், இவையன்றி வேறு வழியில்லை என்பதே அவர் காட்டிய திசை. ஹாடின் கண்ட இடையர்கள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. எந்த ஊரில் அப்படியான இடையர்கள் உளர் என்று நான் வியந்ததுண்டு.

ஹாடினின் கட்டுரை வெளிவருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1965 இல், எலினோர் ஒஸ்ரம் என்னும் மாணவி கலிபோர்ணியாவில் ஓர் ஆய்வேட்டை நிறைவு செய்திருந்தார். பொருள், லொஸ் ஏஞ்சலிஸ் கரையோரத்து நிலத்தடி நீர்ப்படுகை ஒன்று. அங்கும் அளவிறந்து இறைத்தனர். அங்கும் கடல்நீர் உட்புகுந்தது. நீர் இறைப்போர் தாமே சங்கம் கூட்டினர், வழக்காடினர், வழக்கின் போக்கிலேயே உடன்பட்டு இறைப்பைக் குறைத்தனர், கரையோரமாகக் கிணறுகள் அமைத்து நன்னீரை உட்செலுத்திக் கடலுக்குத் தடுப்புச் செய்தனர். பொதுவளங்களை மக்கள் தாமே ஆளும் முறைகள் பற்றிய ஆய்வுக்காக ஒஸ்ரம் 2009 இற் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவர்தம் முடிபை மேலோட்டமாகப் படித்து ‘ஊர் தானே பார்த்துக் கொள்ளும்’ எனப் பேசுவோர் உளர். அந்தச் சங்கத்தார் முதலிற் செய்தது யார் எவ்வளவு இறைக்கின்றார் என்பதை அளந்து ஏட்டில் எழுதியதாகும். எங்கள் நிலையத்தில் அன்பளிப்புக்கு ஓர் ஏடு உண்டு. இறைப்புக்கு ஏடு இல்லை. இரண்டாவது ஏட்டைத் திறக்கப் புகுந்தாற் குளத்துக்கு வந்த நாற்பது பேரில் எத்தனை பேர் மீண்டும் வருவர் என்பது எனக்கு ஐயமே. என் தந்தையார் வருவாரா என்பதும்.

குறைத்து எடுத்த காலம் எங்கள் வரலாற்றில் இல்லாமற் போகவில்லை. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயும் யூரியாவும் கிடைத்தற்கரிய பொருள்களாயின. இயந்திரங்கள் பல ஓய்ந்தன. பழைய துலாக்கள் மீண்டும் எழுந்தன. 2021 இல் இரசாயன உர இறக்குமதி நாடெங்கும் தடைசெய்யப்பட்டுச் சில மாதங்களிற் கைவிடப்பட்டது. இவற்றை நினைவுகூர்ந்து ‘அப்போது மண்ணும் நீரும் ஆறுதல் பெற்றன’ என்று சிலர் ஏக்கத்தோடு பேசக் கேட்டிருக்கின்றேன். நான் உடன்படேன். பசித்தவனின் உண்ணாமையை நோன்பென்று கூறலாகாது. அத்தடைகளால் ஒறுக்கப்பட்டவர் தம் கிணற்றைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் உரிமையையும் சேர்த்தே இழந்தனர். தடை நீங்கிய மறுநாளே இயந்திரங்கள் முன்னிலும் வேகமாக இறைத்தமை அதற்குச் சான்று. ஒருவன் இறைக்க வல்லவனாயிருந்து, இறைத்தால் ஊதியம் உண்டென்பதும் அறிந்து, அயலவன் பொருட்டு ஒரு மணி நேரம் முன்பாக இயந்திரத்தை நிறுத்துவானாயின், அதனையே அறச்செயல் என்பேன். அதற்குப் பலகை நாட்டுதல் இயலாது. கண்ணுக்குத் தெரிவது எதுவும் அங்கு நிகழவில்லை.

நிலையத்துத் தலைவரிடம் இவற்றைச் சொன்னேன். ஓய்வுபெற்ற ஆசிரியரான அவர் பொறுமையோடு கேட்டார். “பிள்ளை, நீ சொல்லுறது சரியாயிருக்கலாம். பலகை இல்லாட்டி அடுத்த வருசம் காசு வராது. கடன் எண்டு சொன்னா ஆர் பிள்ளை சனிக்கிழமை விடிய எழும்பி வருவினம்?” இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிடுதல் நேர்மையன்று. மரநடுகைகள் பலவற்றில் நடப்பதை யாவரும் அறிவோம்; நாட்டியவரின் படம் முகநூலிற் செழித்திருக்கும், கன்றை ஆடு தின்றிருக்கும். எங்கள் குளத்தில் அவ்வாறு நிகழாமைக்கு அந்தத் தலைவரின் விடாமுயற்சி ஒன்றே காரணம். கடமையைக் கடமை என்பதற்காகவே செய்வதற்கே காண்ட் அறமதிப்பு வழங்கினார்; ஆனால் காண்டுக்குப் பெக்கோ வாடகை கட்ட வேண்டியிருக்கவில்லை. கனடாவில் உள்ளவர்களின் நிலையும் எனக்குத் தெளிவாகவில்லை. அவர்கள் இன்று இந்நீரைக் குடிப்பதில்லை, இறைப்பதில்லை. அவர்கள் அனுப்பியது கொடைதானே? அல்லது சிறுவராக இங்கே குடித்த நீரின் கடனை அந்நாட்டு உழைப்பால் அடைக்கின்றனரா? அவர்களுள் ஒருவர் தொலைபேசியில், தன் பெயர் வேண்டாம், தாயின் பெயரை எழுதுங்கள் என்றார்.

அவ்வேண்டுகோள் எனக்குச் சுமைதாங்கிகளை நினைவூட்டியது. பழைய வீதிகளின் ஓரத்தில் வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கற்களையும், மாடுகள் உடலை உரோஞ்ச ஆவுரோஞ்சிக் கற்களையும், அவை நீரருந்தக் கேணிகளையும் அமைத்தல் எம்மவர் வழக்கம். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவர். இறக்கி வைக்க முடியாமற் போன ஒருத்தியின் பொருட்டு, பிறர் இறக்கி வைக்க ஓர் இடம். அங்கே செய்தவனின் பெயரை எவரும் கேட்பதில்லை. தாயின் பெயர் வேண்டும் என்றவர் அம்மரபின் வழியிலேயே பேசினார் என எண்ணுகின்றேன். ஆனாற் சபையார் அவர் பெயரையும் சேர்த்தே எழுதச் சொன்னார்கள்.

பணி நடந்துகொண்டிருக்கையிற் பிறிதொரு பிணக்கும் எழுந்தது. எவ்வளவு ஆழம் தோண்டுவது? அடியிலுள்ள களிப்படை நீரைத் தேக்குவது. அதனை ஓரளவு விட்டால் வைகாசி வரையேனும் மாட்டுக்கு நீர் நிற்கும், தாமரையும் பூக்கும். அதனை அகற்றினால் நீர் விரைவாகப் பாறைக்குள் இறங்கிக் கிணறுகளை அடையும். குளமோ தை முடியுமுன் வெறுந்தரையாகும். மாடு வைத்திருப்போர் மறுகரையினர். தோட்டக் கிணறு வைத்திருப்போர் இக்கரையினர். நன்கொடையாளர் நீர் நிறைந்த குளத்தின் படத்தை விரும்புவர். ஆகவே மாடும் படமும் ஒரு பக்கம், கிணறும் விஞ்ஞானமும் மறுபக்கம் என விசித்திரமான அணிகள் சேர்ந்தன. இருநாள் வாதத்தின்பின் குளத்தின் மேற்குப் பாதியை ஆழமாகவும் கிழக்குப் பாதியைக் களி கலையாமலும் விட முடிவாயிற்று. மேற்குப் பாதி என்று சொல்லிக் கயிறு பிடித்தவர் அந்த முதியவர்; எப்பக்கத்திற் பாறை வெடிப்பு உண்டென்பது அவருக்கே தெரிந்திருந்தது.

2024 ஓகஸ்டில் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முன்னர் இரணைமடுக் குளத்து நீரை இங்கு கொண்டுவரும் திட்டம் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பைச் சந்தித்தது. அவர்கள் தம் வயலை எண்ணி எதிர்த்ததை நாம் குறைகூற இயலாது, எங்கள் குளங்களை நாங்கள் தூர்க்கவிட்டு அவர்கள் குளத்தைக் கேட்டோம். குழாயில் நீர் வரும்போது ஊர்க்குளம் எதற்கு என்னும் பேச்சு எங்கள் ஒழுங்கையிலும் கேட்கத் தொடங்கிவிட்டது. குழாய் நீரால் வெங்காயம் விளையாது என்பதனாற் பேச்சு இன்னும் பலமடையவில்லை.

இவ்வாண்டு மாரி முடிந்தபின் குளத்தைச் சென்று பார்த்தேன். மேற்குப் பாதி தையிலேயே வற்றிவிட்டது. கிழக்கிற் கொக்குகள் நின்றன. மூன்று மாடுகள் நீர் குடித்தன. பலகைக்கு நான் வாசகம் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதித் தருமாறு தலைவர் இருமுறை நினைவூட்டினார். வெள்ளை வர்ணம் பூசிய அந்தப் பலகை நிலையத்தின் பின்னறையிற் சுவரைப் பார்த்தபடி சாய்ந்திருக்கின்றது. முன்பள்ளிப் பிள்ளைகள் அதன் ஒரு மூலையிற் சோக்கினால் மீன் ஒன்று வரைந்துள்ளனர். வீட்டில் தந்தையாரிடம் ஏட்டைப் பற்றிக் கூறினேன். அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை இயந்திரம் வழமைபோல ஐந்து மணிக்கு இயங்கத் தொடங்கியது. எத்தனை மணிக்கு நின்றது என்பதை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன்.